ஆவாரை

ஆவாரை என்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட நிலங்களில் இயல்பாக வளரும், மஞ்சள் நிறப் பூக்களைக் கொண்ட பல்லாண்டுப் புதர்ச்செடி ஆகும். இதன் தாவரவியற் பெயர் சென்னா ஆரிகுலேட்டா என்பதாகும். இது பபேசியே எனப்படும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆவிரை, ஆவாரம், ஆவாரஞ்செடி எனவும் வழங்கப்படுகின்றது. இதன் பூ, பட்டை, இலை, வேர், விதை ஆகிய அனைத்துப் பகுதிகளும் ஏதேனும் ஒரு வகையில் பயன்பட்டு வந்துள்ளன. ஆயினும் தமிழ்நாட்டில் இச்செடி பயிரிடப்படுவதை விடத் தரிசு நிலங்களிலிருந்து பறித்துக் கொள்ளப்படுவதே மிகுதி. "தானே வளரும் செடி" என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும். தானே வளர்வது உண்மை. ஆனால் வளர்வதற்குத் தரிசு நிலம் எஞ்சியிருக்க வேண்டும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே செஞ்சி செல்லும் சாலையில் அமைந்துள்ள கீழ்பென்னாத்தூர் வட்டாரம் ஆவாரைக்கு மிகவும் ஏற்ற நில அமைப்பைக் கொண்டதாகும். செம்மண் மேடுகள், பாறைக் குன்றுகள், ஏரிக்கரைகள், மழையை நம்பிய மானாவாரி நிலங்கள் ஆகியவை இங்கே அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. இக்கட்டுரையின் வளர்ப்பு முறைப் பகுதி இவ்வட்டாரத்தின் மழைக்காலத்தையும் மண்ணையும் கருத்திற்கொண்டு எழுதப்பட்டுள்ளது.

பெயர்

சங்க இலக்கியத்தில் இச்செடி "ஆவிரை" என வழங்கப்படுகின்றது. ஆவாரை என்பது அதன் பிற்கால வடிவம். சித்த மருத்துவ நூல்களில் ஆகுலி, ஏமபுட்பி முதலிய பெயர்களும் காணப்படுகின்றன. ஏமபுட்பி என்பதற்குப் பொன்னிறப் பூவை உடையது என்பது பொருள். தெலுங்கில் தங்கேடு எனவும், சிங்களத்தில் ரணவரா எனவும் அழைக்கப்படுகின்றது.

1753-இல் லின்னேயசு இச்செடிக்குக் காசியா ஆரிகுலேட்டா எனப் பெயரிட்டார். பின்னர் ராக்சுபர்க் இதனைச் சென்னா பேரினத்தில் வைத்தார். 1982-இல் இர்வின், பார்னபி ஆகிய இரு தாவரவியலாளர்கள் காசியா பேரினத்தை முழுமையாக ஆராய்ந்து பிரித்த பின்னர் சென்னா என்னும் பெயர் நிலைபெற்றது. பழைய நூல்களிலும் மருந்துப் பொட்டலங்களிலும் இன்றும் காசியா என்றே குறிப்பிடப்படுவதால் இவை இரு வேறு செடிகள் எனக் கருதிக் குழப்பமடைய வேண்டியதில்லை. "ஆரிகுலேட்டா" என்பதற்குக் காதுமடல் போன்றது என்பது பொருள். இலைக்காம்பின் அடியில் உள்ள அகன்ற இலையடிச் செதில்கள் காதுமடல் போலத் தோன்றுவதால் இப்பெயர் அமைந்தது. பூக்காத காலத்திலும் ஆவாரையை அடையாளம் காண இச்செதில்களே எளிய வழியாகும்.

செடியின் அமைப்பு

ஆவாரை பொதுவாக 1 முதல் 2 மீட்டர் உயரம் வளரும். வெட்டாமல் விட்டால் சில இடங்களில் சிறு மரம் போலவும் ஆகின்றது. அடியிலிருந்தே பல கிளைகள் விடும். பட்டை வழவழப்பாகவும் பழுப்பு நிறமாகவும் இருக்கும். இலைகள் சிறகு வடிவக் கூட்டிலைகள். ஒவ்வொன்றிலும் 8 முதல் 12 இணைச் சிற்றிலைகள் உள்ளன. ஒவ்வொரு இணைக்கும் இடையே காம்பின் மேற்புறத்தில் நிமிர்ந்த சிறு சுரப்பி ஒன்று உண்டு. காய்கள் தட்டையாகவும் காகிதம் போல மெல்லியதாகவும் 7 முதல் 11 செ.மீ. வரை நீளமுடையனவாகவும் இருக்கும். விதை இருக்கும் இடங்கள் மட்டும் புடைத்துத் தெரியும். ஒரு காயில் 10 முதல் 20 வரை விதைகள் இருக்கலாம்.

ஆணிவேர் மிக ஆழமாகச் செல்வது இச்செடியின் முக்கியமான இயல்பாகும். சுற்றியுள்ள புல் எல்லாம் காய்ந்த பின்னும் ஆவாரை பச்சையாக நிற்பதற்கும், சற்று வளர்ந்த செடியைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டால் பெரும்பாலும் பட்டுப்போவதற்கும் இந்த ஒரே இயல்புதான் காரணம்.

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால் ஆவாரையின் வேரில் நைட்ரசனை நிலைப்படுத்தும் முடிச்சுகள் இருக்கும் எனப் பலர் கருதுகின்றனர். சென்னா பேரினச் செடிகளில் பொதுவாக இம்முடிச்சுகள் உருவாவதில்லை. வயலுக்கு ஆவாரந்தழை இடும் பழைய வழக்கம், தழை மட்கி மண்ணுக்கு உரமாவதனால் பயன் தந்தது, வேரினால் அன்று.

பூவும் மகரந்தச் சேர்க்கையும்

பூக்கள் கிளை நுனிகளில் கொத்தாகத் தோன்றும். ஒரு பூ 4 முதல் 5 செ.மீ. வரை அகலம் உடையது. ஐந்து இதழ்களின் ஓரமும் சற்றுச் சுருங்கி இருக்கும். ஆண்டின் பெரும்பகுதியும் ஆங்காங்கே பூக்கக் கூடியது எனினும், மழை பெய்து ஓய்ந்த பின் வரும் மாதங்களிலேயே செடி முழுவதும் மஞ்சளாகப் பூத்துக் காணப்படுகின்றது.

ஆவாரம்பூவின் அமைப்பு கவனிக்கத்தக்கது. இதில் தேன் இல்லை. பூச்சிக்குக் கிடைப்பது மகரந்தம் மட்டுமே. அதுவும் எளிதிற் கிடைப்பதில்லை. பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாட்டில் வெடித்துத் தூளை வெளிவிடும். ஆவாரையில் மகரந்தப்பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகவே தூள் வெளியேற இயலும், உப்புக் குடுவையைக் குலுக்குவது போல. பூவின் மீது அமர்ந்து, சிறகை அசைக்காமல் மார்புத் தசைகளை மட்டும் அதிரச் செய்யக் கூடிய வண்டினங்களே இதைச் செய்ய வல்லவை. தச்சன் வண்டு எனப்படும் பெரிய கருநிற வண்டும், உடலில் நீலப் பட்டைகள் கொண்ட அமெகில்லா தேனீயும் இவ்வகையின. அடை கட்டும் தேனீக்களுக்கு இத்திறன் இல்லை. அவை சிந்திய தூளைப் பொறுக்க வருவதே வழக்கம். இம்முறை அதிர்வு மகரந்தச் சேர்க்கை எனப்படும்.

பத்து மகரந்தத் தாள்களில் மேலே உள்ள மூன்று மலடானவை. கீழே நீண்டு வளைந்திருப்பவை வண்டின் உடலில் வண்டுக்கு எட்டாத இடத்தில் தூளைப் பூசி விடுகின்றன. அத்தூளே அடுத்த பூவின் சூல்முடியைச் சேர்கின்றது. நடுவில் உள்ள குட்டையான தாள்கள் வண்டுக்கு உணவாகின்றன. கூலியாகக் கொடுக்கும் தூள் வேறு, வேலைக்கு அனுப்பும் தூள் வேறு எனலாம்.

இதனால் வளர்ப்போருக்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. தச்சன் வண்டு காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டு முட்டையிடுகின்றது. பட்ட கிளைகளையும் பழைய மூங்கிற் கழிகளையும் முற்றிலும் அகற்றித் துப்புரவாக்கிய தோட்டத்தில் ஆவாரை நன்றாகப் பூத்தும் காய் குறைவாகவே பிடிக்கக் கூடும். விதை வேண்டுவோர் ஓரிரு காய்ந்த மூங்கில்களை வேலியோரம் விட்டு வைப்பது நன்று.

பரவலும் வாழிடமும்

இந்தியத் தீபகற்பத்தின் உலர் பகுதிகள், இலங்கையின் உலர் வலயம் ஆகியவை இதன் இயல்பான வாழிடங்கள் ஆகும். செம்மண், சரளை மண், கரிசல் மண், கடலோர மணல் எனப் பலவகை மண்ணிலும் வளரும். சற்றே உவரான மண்ணையும் தாங்கும். நீர் தேங்கும் இடத்தையும் அடர்ந்த நிழலையும் தாங்காது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1000 மி.மீ. ஆகும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக் காற்றுகளாலும் மழை பெறப்படுகின்றது. மழை குறைவன்று, ஆனால் பாறை மேட்டில் விழும் நீர் அங்கே நிற்பதில்லை. சனவரி முதல் மே வரை மண் காய்ந்து கிடக்கின்றது. இந்த ஐந்து மாதங்களைத் தாண்டக் கூடிய புதர்களே இம்மேடுகளில் நிலைக்கின்றன. ஆவாரை அவற்றுள் ஒன்று.

இவ்வாழிடம் மூன்று வகையில் குறைந்து வருகின்றது. முதலாவது, சாலையோரத் தரிசுகள் மனைகளாக மாறுவது. இரண்டாவது, சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும் பரவுவது. சீமைக் கருவேலம் ஆவாரையை விட உயரமாக வளர்ந்து நிழலடிக்கின்றது. வெயிலை விரும்பும் ஆவாரை அதனடியில் பூப்பதை நிறுத்தி மெல்ல மறைகின்றது. தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது. அகற்றப்பட்ட இடங்களில் எதுவும் நடாமல் விட்டால் கருவேலமே மீண்டும் முளைப்பது கண்கூடு. அவ்விடங்களில் முதலில் விதைக்க ஏற்ற நாட்டுச் செடிகளுள் ஆவாரையும் ஒன்றாகும். மூன்றாவது காரணம், விதை முற்றுவதற்கு முன்பே பூக்கள் மொத்தமாகப் பறிக்கப்படுவது. இது அறுவடைப் பகுதியில் விளக்கப்பட்டுள்ளது.

தோல் பதனிடுதல்

ஆவாரம்பட்டையில் ஏறத்தாழ 18 முதல் 20 விழுக்காடு வரை தானின் எனப்படும் துவர்ப்புப் பொருள் உள்ளது. தோலை அழுகாமல் காத்து மெருகூட்டுவது இப்பொருளே. குரோமிய உப்புகள் வழக்கத்திற்கு வரும் முன்னர் சென்னை மாகாணத்தின் தோல் தொழில் பெரிதும் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பியிருந்தது. பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் இத்தொழில் வளர்ந்தது. (இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் 1989-இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டதாகும்.) இவ்வாறு பதனிடப்பட்டு இலண்டன் சந்தைக்குச் சென்ற தோல்கள் கிழக்கிந்தியத் தோல்கள் எனப் பெயர் பெற்றன. முதல் உலகப் போரின்போது பிரித்தானியப் படையினரின் காலணிகளுக்கு இத்தோல் பெருமளவில் பயன்படுத்தப்பட்டது.

தேவை கூடியபோது பட்டை போதவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் எனப்படும் வேலமரப் பட்டை இறக்குமதியாயிற்று. பின்னர் அம்மரமே நீலகிரியிலும் பழனி மலையிலும் பெரும் பரப்பில் நடப்பட்டது. அது சோலைப் புல்வெளிகளை ஆக்கிரமித்து, இன்று அகற்றப்பட வேண்டிய அயல் மரமாகக் கருதப்படுகின்றது. சமவெளித் தரிசில் ஆவாரையைப் பயிரிட்டுப் பெருக்கும் முயற்சி இந்த அளவில் நடைபெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

1972-இல் சீத்தாராமையா குழு அளித்த பரிந்துரையின்படி 1973 முதல் அரைகுறையாகப் பதனிட்ட தோல்களின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. முழுமையாக முடிக்கப்பட்ட தோல் உற்பத்திக்கு மாறிய தொழிற்கூடங்கள் குரோமிய முறையைக் கைக்கொண்டன. பட்டை முறையில் பல நாட்கள் பிடித்த வேலை மிக விரைவில் முடிந்தது. பாலாற்றுப் பகுதியின் நிலத்தடி நீர் தோல் தொழிற்சாலைக் கழிவுகளால் கெட்டது தொடர்பான வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டை முறையும் கழிவு நீரை உண்டாக்குவதே. ஆனால் அதில் குரோமியம் இல்லை. 1948-இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தாவரப் பொருள்களால் பதனிடும் முறைகளையும் ஆராய்ந்து வருகின்றது.

பண்பாட்டில்

குறிஞ்சிப்பாட்டில் பட்டியலிடப்படும் 99 பூக்களுள் ஆவிரையும் ஒன்று. சங்க அகப்பாடல்களில் மடலேறுதலோடு இப்பூ தொடர்புபடுத்தப்படுகின்றது. காதலியை அடைய இயலாத தலைவன் பனைமடலாற் செய்த குதிரையின் மீது ஏறி ஊர்த் தெருவில் வருவான். அக்குதிரைக்கு ஆவிரம்பூ மாலை சூட்டப்படும். குறுந்தொகையின் 173-ஆம் பாடலிலும், கலித்தொகையின் மடற் பாடல்களிலும் இதனைக் காணலாம். தெருவோரம் எளிதிற் கிடைக்கும் பூவை அணிந்து மானத்தைத் துறந்து வருகின்றான் என்பது காட்சி. அக்காலத்திலும் இது தோட்டத்துப் பூவாக இல்லாமல் ஊர்ப்புறத்துப் பூவாகவே இருந்தது என இதிலிருந்து கொள்ளலாம்.

பொங்கல் விழாவின் முதல் நாளில் கொங்கு நாட்டிலும் சேலம், தருமபுரி வட்டாரங்களிலும் காப்புக் கட்டுதல் என்னும் வழக்கம் உள்ளது. ஆவாரம்பூ, சிறுபீளைப்பூ, வேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி வீட்டு நிலையிலும் தொழுவத்திலும் வயலிலும் செருகுவர். மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்கு ஆவாரம்பூ மாலை அணிவிப்பதும் உண்டு. ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவு ஏது என்னும் பொருள்படும் பழமொழி ஒன்று தமிழகமெங்கும் வழங்குகின்றது. இது செடியின் மருத்துவப் பெருமையைக் கூறும் மிகைக்கூற்று. மருந்துச் சீட்டு ஆகாது.

வளர்ப்பு

விதை சேகரிப்பு

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் மழைக்குப் பிந்திய பூப்பில் உண்டாகும் காய்கள் தை முதல் பங்குனி வரை முற்றுகின்றன. காய் பச்சை நிறம் மாறிப் பழுப்பாகி, அசைத்தால் உள்ளே விதை ஒலிக்கும் நிலையில் பறிக்க வேண்டும். பல செடிகளிலிருந்தும் சிறிது சிறிதாக எடுப்பதே நல்லது. ஒரே செடியின் விதையைக் கொண்டு வளர்த்த தோப்பு, ஒரு நோயில் மொத்தமாக வீழக்கூடும். விதைத் துளைப்பான் வண்டுகள் முட்டையிட்ட விதைகளில் சிறு துளை தெரியும். அவற்றைக் கழித்து விட வேண்டும். நீரில் இட்டு மிதப்பவற்றை நீக்குவதும் ஒரு முறை. எஞ்சிய விதைகளை வேப்பிலையுடன் துணிப்பையில் இட்டு வைக்கலாம்.

விதை நேர்த்தி

ஆவாரை வளர்ப்பில் தோல்வி காண்போரிற் பலர் இக்கட்டத்திலேயே தோல்வி காண்கின்றனர். ஆவாரை விதையின் உறை நீர் புகாதது. பறித்த விதையை அப்படியே ஊன்றினால் சில மட்டுமே முளைக்கும்; மீதி மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். இயற்கையில் இது செடிக்கு நன்மையே. ஒரே மழையை நம்பி எல்லா விதைகளும் முளைத்து, அடுத்து வரும் வறட்சியில் எல்லாம் மடிவதை இது தடுக்கின்றது. வளர்ப்போர் இத்தூக்கத்தைக் கலைத்தாக வேண்டும்.

வீட்டளவில் ஏற்ற முறை வெந்நீர் முறையாகும். நீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்கிய பின், அதில் விதைகளை இட்டு இரவு முழுவதும் ஆற விட வேண்டும். அடுப்பின் மீது வைத்து விதையை வேக விடக் கூடாது. காலையில் ஊறிப் பருத்த விதைகளை மட்டும் எடுத்து விதைத்து, பருக்காதவற்றுக்கு அதே முறையை மீண்டும் செய்யலாம். சில விதைகளே தேவையெனில் உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும் தேய்த்து, உறையின் நிறம் மாறியதும் நிறுத்தி நீரில் ஊற வைக்கலாம். விதையின் முளை இருக்கும் பக்கத்தைத் தேய்க்கக் கூடாது. ஆய்வுக்கூடங்களில் அடர் கந்தக அமிலத்தில் சில நிமிடங்கள் இட்டுக் கழுவும் முறை பின்பற்றப்படுகின்றது. வீடுகளில் இதை முயலவே கூடாது.

நாற்றும் நடவும்

நேரடி விதைப்பே சிறந்தது. ஆணிவேர் தடையின்றி இறங்கும். ஆடி, ஆவணி மழையில் நிலம் நனைந்தவுடன், நேர்த்தி செய்த விதைகளைக் குழிக்கு மூன்று வீதம் ஒரு செ.மீ. ஆழத்தில் ஊன்றலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் செடி ஒரு சாண் உயரம் அடைந்து விட்டால் அடுத்த கோடையைத் தாண்டும் வாய்ப்பு அதிகம். கார்த்திகைக்குப் பின் விதைத்தால் வேர் ஆழம் போகும் முன் மண் காய்ந்து விடும்.

நாற்றுப் பைகளில் வளர்ப்பதாயின் அகலத்தை விட ஆழம் அதிகமுள்ள பைகள் தேவை. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு போதுமானது. வைகாசி அல்லது ஆனி மாதத்தில் விதைத்துப் புரட்டாசி, ஐப்பசியில் நட வேண்டும். இதை விட நீண்ட காலம் பையில் வைத்திருந்தால் ஆணிவேர் அடியில் சுருண்டு விடுகின்றது. அவ்வாறு சுருண்ட நாற்று நட்ட முதல் ஆண்டில் நன்றாகவே தோன்றும். கோடையில்தான் குறை தெரியும். சாலையோரத்தில் தானே முளைத்த பெரிய செடியைப் பிடுங்கி வந்து நடுவது வீண் வேலை. இடமும் பாழாகி, செடியும் பிழைக்காது.

வேலியாக நடும்போது செடிக்குச் செடி 1 மீட்டரும், தனித்த புதர்களாக நடும்போது 1.5 முதல் 2 மீட்டரும் இடைவெளி விடலாம். குழி ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலம் இருந்தால் போதும். நாள் முழுதும் வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். சரிவான நிலத்தில் செடிக்குக் கீழ்ப்புறம் பிறை வடிவில் சிறு வரப்பு அமைத்தால் மழைநீர் வேருக்கு இறங்கும். ஏரிக்கரை, மலையடிவாரம் போன்ற அரசுப் புறம்போக்கு நிலங்களில் நடுவதற்கு முன் உரிய துறையிடம் ஒப்புதல் பெறுதல் வேண்டும்.

திருவண்ணாமலை மலையில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து தன்னார்வ அமைப்புகள் மரங்களை நட்டு வருகின்றன. 800 மீட்டருக்கும் சற்று அதிக உயரமுள்ள அம்மலையில் கோடைக்காலக் காட்டுத் தீயே நடவுக்குப் பெரும் எதிரி. மரக்கன்றுகள் மட்டுமே நடப்பட்ட மொட்டைச் சரிவுகளை விட, ஆவாரை போன்ற புதர்களும் இடையே உள்ள சரிவுகளில் மண் அரிப்புக் குறையும். இளங்கன்றுகளுக்கு மறைப்பும் கிடைக்கும்.

நீரும் உரமும்

முதல் கோடையில் பத்து அல்லது பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை ஒரு குடம் நீர் ஊற்றினால் போதும். இரண்டாம் ஆண்டிலிருந்து நிலத்தில் உள்ள செடிக்கு நீர் தேவையில்லை. அன்புடன் தினமும் நீர் ஊற்றி ஆவாரையைக் கொன்ற வீட்டுத் தோட்டங்கள் பல. மிகுந்த நீரில் வேர் அழுகும். அழுகாவிட்டால் இலை மிகுந்து பூ குறையும். இலை மஞ்சளாகி உதிர்வதைக் கண்டு நீர் போதவில்லை எனக் கருதி மேலும் ஊற்றுவதே பெரும்பாலும் நிகழும் பிழையாகும். உரத்துக்கும் இதே விதி பொருந்தும். நடும்போது இட்ட எருவே போதும். யூரியா இடத் தேவையில்லை.

மாடித் தோட்டத்தில் வளர்ப்போர் குறைந்தது ஒன்றரை அடி ஆழமுள்ள தொட்டியைப் பயன்படுத்த வேண்டும். தொட்டியில் ஆணிவேர் இறங்க இடமில்லாததால் கோடை முழுவதும் நீர் தேவைப்படும். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் நன்றாக நிற்பது அரிது.

கவாத்து

பூங்கொத்துகள் புதிதாக விட்ட கிளைகளின் நுனியிலேயே தோன்றுகின்றன. எனவே பழைய கிளைகளை வெட்டி விட்டால் பூ மிகும். விதை எடுத்து முடிந்த பின், ஆடி மழை தொடங்கும் முன் செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி விடலாம். ஐப்பசிக்குப் பின் வெட்டினால் அவ்வாண்டின் பூவே வெட்டப்பட்டு விடும். நான்கைந்து ஆண்டுகளில் அடிப்புறம் இலையின்றி வெறுமையான செடியை நிலத்திலிருந்து அரை அடி விட்டு முழுவதும் வெட்டினாலும் மீண்டும் துளிர்க்கும். பட்டைக்காக வளர்த்தோர் இவ்வாறு கிளைகளை வெட்டிய பின்னரே உரித்தனர். நிற்கும் தண்டில் சுற்றிலும் பட்டையை உரித்தால் அத்தண்டு பட்டுப் போகும்.

பூச்சிகளும் கால்நடைகளும்

கட்டோப்சிலியா பேரினத்தைச் சேர்ந்த வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் சென்னா இனச் செடிகளின் இலைகளில் முட்டையிடுகின்றன. பச்சை நிறப் புழுக்கள் சில நாட்களில் ஒரு கிளையை மொட்டையாக்குவதும் உண்டு. வேரூன்றிய செடி இதனால் சாவதில்லை. அடுத்த துளிரில் மீண்டு விடும். நாற்றங்காலில் மட்டும் புழுக்களைக் கையால் எடுத்து விடலாம். பூச்சிக்கொல்லி தெளித்தால் மகரந்தச் சேர்க்கை செய்யும் வண்டுகளும் மடியும். தெளித்த பூவைக் கொதிநீரில் இட்டுக் குடிக்கும் வழக்கம் இருப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முற்றிய செடியை மாடுகள் பெரும்பாலும் விரும்புவதில்லை. இளஞ்செடியை ஆடுகள் கடிக்கும். முதல் ஓராண்டு முள்வேலி அவசியம்.

அறுவடை

அண்மைக் காலத்தில் ஆவாரம்பூத் தேநீர், குளியற்பொடி ஆகியவற்றின் விற்பனை பெருகியதால் காய்ந்த பூவுக்குத் தேவை கூடியுள்ளது. பொங்கலுக்கு முந்திய நாட்களில் கட்டுக் கட்டாகக் கிளைகள் ஒடிக்கப்பட்டு நகரங்களுக்கு அனுப்பப்படுகின்றன. இவ்விரண்டும் பெரும்பாலும் தரிசுச் செடிகளிலிருந்தே பெறப்படுகின்றன. மார்கழி, தை மாதங்கள் காய் பிடிக்கும் காலமாகையால், கிளையோடு ஒடித்த செடியில் அவ்வாண்டு விதை விழுவது மிகவும் குறையும். ஓரிரு ஆண்டுகளில் இதன் விளைவு தெரியாது. ஏற்கனவே உள்ள செடிகள் நின்று பூத்துக் கொண்டே இருக்கும். அவை முதிர்ந்து பட்ட பின்னரே அவற்றின் இடத்தில் இளஞ்செடி இல்லாதது தெரிய வரும்.

பூவை மட்டும் கையால் கொய்வதும், ஒவ்வொரு செடியிலும் மூன்றில் ஒரு பங்குக் கொத்துகளையேனும் காய்க்க விடுவதும் பொருத்தமான முறையாகும். காலையில் பனி உலர்ந்த பின் பறித்து, நிழலில் மெல்லிய துணியில் பரப்பி உலர்த்த வேண்டும். வெயிலில் உலர்த்தினால் நிறம் மங்கி விடும். சாலையோரச் செடிகளின் பூவில் புழுதியும் வாகனப் புகையும் படிந்திருக்கும். அவற்றை உணவுக்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

ஒத்த செடிகளும் நச்சும்

சென்னா பேரினத்தின் பல செடிகள் மஞ்சள் நிறப் பூக்களை உடையவை. விதை சேகரிப்போர் அவற்றுக்கிடையே வேறுபாட்டை அறிந்திருத்தல் மிகவும் அவசியம். குறிப்பாகப் பேயாவாரை எனப்படும் சென்னா ஆக்சிடெண்டாலிசு ஆவாரை வளரும் அதே தரிசுகளிலும் குப்பை மேடுகளிலும் முளைக்கின்றது. இது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி. இதன் சிற்றிலைகள் 3 முதல் 5 இணைகள் மட்டுமே, நுனி கூர்மையானது, கசக்கினால் கெட்ட நாற்றம் வீசும். காய் ஒடுங்கி நீண்டு சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். காகிதம் போன்ற தட்டைக் காயும், காதுமடல் போன்ற இலையடிச் செதிலும் இதற்கு இல்லை.

உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் ஆண்டுதோறும் குளிர்காலத் தொடக்கத்தில் சிறு குழந்தைகள் திடீர் வாந்தி, மயக்கம் ஏற்பட்டு இறந்து வந்தனர். மூளைக் காய்ச்சல் எனக் கருதப்பட்டு வந்த இந்நோய், பேயாவாரையின் காய்களைத் தின்றதால் கல்லீரல், தசை, மூளை ஆகியவை பாதிக்கப்பட்டு நேர்ந்த நச்சேற்றம் என 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்தில் 2016-இல் நிகழ்ந்த குழந்தைகளின் இறப்புகளிலும் இச்செடிக்குத் தொடர்பு இருப்பதாகக் கண்டறியப்பட்டது. ஆதலால் பள்ளித் தோட்டங்களில் ஆவாரை வளர்க்க முனைவோர், தெரியாத இடத்திலிருந்து பெற்ற விதையை நேரடியாக விதைக்காமல், நாற்று வளர்ந்து இலையடிச் செதில் தெரிந்த பின் உறுதி செய்து நடுதல் வேண்டும்.

ஆடு தின்னாத் தகரை, சீமை அகத்தி எனப்படும் வண்டுகொல்லி, மருந்துக்குரிய நிலவாகை ஆகியவையும் இப்பேரினத்தின. சரக்கொன்றை நெருங்கிய உறவெனினும் அது மரம். சரம் சரமாகத் தொங்கும் பூவைக் கொண்டது.

மருத்துவப் பயன்

சித்த மருத்துவத்தில் ஆவாரை நீரிழிவுக்கு உரிய மூலிகையாகக் கருதப்படுகின்றது. ஆவாரையுடன் கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம்பட்டை ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யப்படும் ஆவாரைக் குடிநீர் நன்கறியப்பட்ட மருந்தாகும். இலை, பூ, பட்டை, வேர், காய் ஆகிய ஐந்தும் சேர்ந்தது ஆவாரைப் பஞ்சாங்கம். பூச் சாறு எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் வெளிவந்துள்ளன. நீரிழிவு மாத்திரை உட்கொள்வோர் இதையும் சேர்த்து அருந்தினால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ வாய்ப்புண்டு. வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெபைன் மருந்தின் இரத்த அளவை ஆவாரைத் தேநீர் கூட்டுவதாக எலிகளில் நடந்த ஓர் ஆய்வு தெரிவிக்கின்றது. மருத்துவரிடம் கூறாமல் இரண்டையும் ஒருங்கே கொள்ளலாகாது.

பிற

2014-இல் புதிதாக உருவான தெலங்காணா மாநிலம் ஆவாரம்பூவைத் தன் மாநில மலராக அறிவித்தது. அங்கு புரட்டாசி மாதத்தையொட்டி வரும் பதுக்கம்மா விழாவில் மகளிர் இப்பூவை அடுக்கடுக்காக வைத்து வழிபடுகின்றனர். தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள் ஆகும். இலங்கையில் ரணவரா தேநீர் வீடுகளிலும் கடைகளிலும் அருந்தப்படுகின்றது. 1992-இல் பரதன் இயக்கத்தில் ஆவாரம்பூ என்னும் தமிழ்த் திரைப்படம் வெளிவந்தது. அது அவரே 1979-இல் இயக்கிய தகர என்னும் மலையாளப் படத்தின் தழுவல். மூலப்படத்தின் பெயராக அமைந்த தகரையும் ஆவாரையின் பேரினத்தைச் சேர்ந்த செடியே.